ஏழாவது மொட்டு

காலையில் எழுந்தேன். பல் துலக்கினேன். தேநீர் போட்டுக் குடித்தேன். கொடியில் கிடந்த பனியனை மடிக்காமல் பையில் திணித்தேன். கதவைப் பூட்டிக்கொண்டு மாடிப்படியில் இறங்கினேன். தெருமுனையில் கிளப்பின் வேன் நின்றது. மற்ற ஆறு பேரும் முன்பே ஏறியிருந்தார்கள். யாரும் பேசவில்லை. பேசுவதற்கு முந்தின நாள் ஏதாவது நடந்திருக்க வேண்டும்.

கிளப் வாசலில் இறங்கி வரிசையாக நின்றோம். சுவரில் ஓர் அளவுகோல் அடித்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் உயரம் பார்ப்பார்களே, அது போல. ஒவ்வொருவராக முதுகை ஒட்டி நின்றோம். உதவியாளர் என் தலைமேல் பலகையை வைத்துக் குனிந்து பார்த்தார்.

"வளந்திருக்கீங்க" என்றார்.

"எனக்கு இருபத்தொன்பது வயசு சார்."

"வளரும் வீரர்னுதான் உங்களைப் பதிஞ்சிருக்கு. நீங்க பாட்டுக்கு வளராம நின்னா நான் என்னத்தை எழுதறது?"

தினமும் அவர் ஒரு மயிரிழை கூட்டி எழுதுவார். நல்ல மனிதர். கூட்டாவிட்டால் மேலிடத்தில் கேள்வி வரும். இப்படியே ஆறு வருடம் கூட்டியதில், காகிதத்தில் நான் எங்கள் வெளிநாட்டு சென்டர் ஃபார்வர்டைவிட உயரமாகிவிட்டேன். நேரில் அவர் தோளுக்கு வருவேன். அவரை எல்லோரும் நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கு அது பட்டப்பெயர் என்று தெரியாது. கையெழுத்துக் கேட்டால் அதையே எழுதிக் கொடுப்பார்.

விதியைச் சொல்லிவிடுகிறேன். கால்பந்து சம்மேளனத்தின் விதி. வெளிநாட்டிலிருந்து ஒரு வீரரை எடுக்கும் கிளப், உள்ளூரில் ஒருவரை வளர்க்க வேண்டும். எத்தனை காலம் வளர்க்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை. போட்டியில் ஒரு நிமிடம் ஆடிவிட்டாலும் அவர் வளர்ந்தவர் ஆகிவிடுவார் என்று மட்டும் சொல்கிறது. வளர்ந்தவர் கணக்கில் வரமாட்டார். அவருக்குப் பதிலாகப் புதிதாக ஒருவரைத் தேட வேண்டும். பயிற்சி கொடுக்க வேண்டும். பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு அறிமுகம் செய்ய வேண்டும். இவ்வளவு தொல்லை எதற்கு என்று எங்கள் கிளப் நினைத்தது. எங்களை ஆட விடாமல் இருந்துவிட்டால் நாங்கள் வளர்ந்துகொண்டே இருப்போம் அல்லவா.

இதற்கு மொட்டுத் திட்டம் என்று பெயர். ஏழு வெளிநாட்டவர், ஏழு மொட்டுகள். ஒவ்வொரு வெளிநாட்டவருக்கும் ஒரு மொட்டு இணை. நான் ஏழாவது மொட்டு. நெட்டையின் இணை. இடப்பக்கத் தடுப்பாட்டக்காரன் என்று என் அட்டையில் போட்டிருக்கிறது. முதல் மொட்டுக்கு நாற்பத்தொரு வயது. அவர் மகள் இந்த வருடம் கல்லூரியில் சேர்ந்தாள். விழாக்களில் வளர்ச்சி இயக்குநர் அவர் தோளில் கையைப் போட்டு, "இந்தப் பையன்கிட்ட நெருப்பு இருக்கு" என்பார். பையன் தலைக்குச் சாயம் அடிக்கும் செலவு கிளப்புடையது.

வளர்ச்சி இயக்குநரின் ஆண்டு விழாப் பேச்சு எனக்கு மனப்பாடம். ஒவ்வொரு வருடமும் அதையேதான் பேசுவார்.

"சில பேர் கேக்கறாங்க, நம்ம பசங்களை ஏன் மைதானத்துல இறக்கறதில்லைன்னு. நான் அவங்களைக் கேக்கறேன். நீங்க ஒரு சாமான் வாங்கறீங்க. உபயோகிச்சா என்ன ஆகும்? பழசாயிடும். நம்ம பசங்களோட திறமை இன்னைக்கும் பெட்டி பிரிக்காம இருக்கு. மேல சுத்தின பிளாஸ்டிக் கவரைக்கூட நாங்க கிழிக்கல. வெளிநாட்டுக்காரங்க எத்தனையோ மேட்ச் தோத்திருக்காங்க. நம்ம பசங்க இதுவரைக்கும் ஒண்ணுகூடத் தோத்ததில்ல. உலகத்துல எந்த கிளப் இப்படிச் சொல்ல முடியும்?"

கைதட்டுவார்கள். நாங்களும் தட்டுவோம். எங்கள் கைகளுக்கு அங்கே வேறு வேலை இல்லை.

போட்டி நாட்களில் எங்களுக்குக் கோட்டுக்கு வெளியே வேலை. உடம்பைச் சூடாக்கிக்கொள்வது. மாற்று ஆட்டக்காரர்கள் இறங்குவதற்கு முன் ஐந்து பத்து நிமிடம் ஓரமாக ஓடுவார்களே, அது. நாங்கள் முதல் விசிலிலிருந்து கடைசி விசில் வரை ஓடுவோம். உள்ளூர்த் திறமைக்குக் கிளப் வாய்ப்புத் தருவது எல்லோர் கண்ணிலும் பட வேண்டும். தொலைக்காட்சியில் நன்றாகத் தெரியும் பக்கமாக ஓட வைப்பார்கள். ரசிகர்கள் எனக்கு வார்ம்-அப் என்று பெயர் வைத்தார்கள்.

"டேய் வார்ம்-அப், பார்த்துடா, பத்திக்கப் போகுது."

"அண்ணே, இன்னைக்கு எந்த ஊர் வரைக்கும் ஓடுறீங்க?"

"சும்மா கிண்டல் பண்ணாதீங்கப்பா. டிக்கெட்டுக்கு நியாயமா உழைக்கிறது அவரு ஒருத்தர்தான்."

கடைசியாகச் சொன்னவர் கிண்டல் செய்யவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

ஒரு தடவை இறங்கியிருப்பேன். எங்கள் பக்கம் ஒருவருக்குச் சிவப்பு அட்டை. இன்னொருவருக்குத் தொடையில் பிடித்துக்கொண்டது. மாற்றுக்கு இன்னும் இடமிருந்தது. அப்போதிருந்த வெளிநாட்டுக் கோச் என்னைப் பார்த்துக் கத்தினார். கையால் மைதானத்தைக் காட்டினார். நான் மேற்சட்டையைக் கழற்றினேன். மொழிபெயர்ப்பாளர் ஓடி வந்தார். கோச் சொல்வதை எங்களுக்கும், நாங்கள் சொல்வதைக் கோச்சுக்கும், இரண்டையும் சேர்த்துப் பத்திரிகைகளுக்கும் சொல்வது அவர் வேலை.

"கோச் என்ன சொல்றார்னா," என்றார், "இன்னும் கொஞ்சம் வேகமா ஓடச் சொல்றார்."

"மைதானத்தைக் காட்டறாரே."

"அந்தப் பக்கமா ஓடச் சொல்றார்."

கோச் தலையில் அடித்துக்கொண்டார். மொழிபெயர்ப்பாளர் அதையும் மொழிபெயர்த்தார். "ரொம்ப சந்தோஷமா இருக்காராம்." ஒன்பது பேரோடு ஆடித் தோற்றோம். விதி மீறப்படவில்லை. அடுத்த மாதம் அந்தக் கோச் ஊருக்குப் போய்விட்டார்.

என் மனைவி கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். கண் பரிசோதனை செய்வாள். போன வருடம் ஒரு சனிக்கிழமை மதியம், ஒரு பெரியவரை எழுத்துகளைப் படிக்கச் சொல்லிக்கொண்டிருந்தவள் நாற்காலியோடு சரிந்துவிட்டாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது கண் மூடியிருந்தது. பிறகு திறக்கவில்லை. இதில் சொல்வதற்கு இவ்வளவுதான்.

அன்று மாலை எங்களுக்குப் போட்டி. நான் இல்லாததால் நெட்டையையும் உட்கார வைத்துவிட்டார்கள். இணை இல்லாமல் ஆட முடியாது. போட்டி முடிந்ததும் மொழிபெயர்ப்பாளர் மலர்வளையத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். நடைபாதை பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கடைசியா ஏதாவது பேசினாங்களா?"

"காலையில. வாசல்ல."

"என்ன?"

"வீட்டு விஷயம்."

"கிளப் பத்தி வந்ததா?"

"கொஞ்சம்."

"போதும்" என்றார். என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

காரியமெல்லாம் முடிந்து நான் கிளப்புக்குத் திரும்பியபோது பயிற்சி மைதானத்தின் நீண்ட சுவர் முழுக்க அவள் இருந்தாள். அடையாள அட்டைப் புகைப்படத்தைப் பார்த்து வரைந்திருந்தார்கள். கையில் ஒரு பந்தைக் கொடுத்திருந்தார்கள். உயிரோடு இருந்தவரை அவள் பந்தைத் தொட்டதில்லை. பக்கத்தில் ஆள் உயர எழுத்துகளில்:

"என்னவரே, என்னை மறந்தாலும் இம்மைதானத்தை மறவாதீர். இங்கேயே மலர்வீராக."

கீழே சின்னதாக, "ஏழாவது மொட்டின் துணைவியார் இறுதியாக மொழிந்தது."

மொழிபெயர்ப்பாளர் என் பக்கத்தில் வந்து நின்றார். "நல்லா வந்திருக்கா?"

"அவ இப்படிச் சொல்லல."

"நீங்க சொன்ன விஷயம்தான் சார். நான் மொழிபெயர்த்தேன், அவ்வளவுதான்."

அப்போது எனக்குச் சண்டை போடத் தோன்றவில்லை. எதுவுமே தோன்றவில்லை. அதன் பிறகு வாராவாரம் மாமா வர ஆரம்பித்தார். அவளுடைய அப்பா. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு பஸ் மாறி வந்து அந்தச் சுவருக்கு எதிரே நிற்பார். கிளப் அவருக்கு ஒரு நாற்காலி போட்டது. பிறகு ஒரு குடை நட்டது. பிறகு பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டி வந்து, "இவர்தான் அவங்க அப்பா" என்று காட்டியது. அவர் யாரிடமும் எதுவும் பேசமாட்டார். வெயில் ஏறும்வரை பார்த்துவிட்டு, "வரேன் மாப்ள" என்று கிளம்பிவிடுவார். அவர் பார்த்துக்கொண்டிருந்ததால் நான் வாயைத் திறக்கவில்லை.

இப்படியே ஓடிக்கொண்டிருந்தபோதுதான் பேக்கரிக்காரர் வந்தார். துறைமுகத்துப் பக்கம் ஒரு சின்ன கிளப் நடத்துகிறார். இரண்டாவது டிவிஷன். அவருடைய கடையில் மாவு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து பேசினோம்.

"உங்களை டிவியில பார்த்திருக்கேன். ஓரத்துல ஓடிட்டே இருப்பீங்க. என் சம்சாரம் உங்களை லைன்ஸ்மேன்னு நெனச்சுட்டிருக்கா."

"நிறைய பேர் நெனச்சிருக்காங்க."

"தொண்ணூறு நிமிஷம் ஓடியும் உங்களுக்கு மூச்சு வாங்கல. அதைத்தான் பார்த்தேன். எங்ககிட்ட இடப்பக்கத்துக்கு ஆள் இல்ல. பிரெட் போடற தம்பிதான் ஆடறான். பாதி ஆட்டத்துல அடுப்பைப் பார்க்க ஓடிடறான். அந்த நேரத்துலதான் கோல் விழுது."

"என்னை இறக்குவீங்களா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இறக்காம? மாவு பிசையவா உங்களைக் கூப்பிடறேன்?"

வீட்டுக்கு வரும்வரை அந்த வார்த்தையை நினைத்துக்கொண்டே வந்தேன். அவள் போன பிறகு எனக்கு ஏதோ ஒன்று வேண்டும் என்று தோன்றியது அன்றுதான். கோட்டுக்கு உள்ளே நிற்க வேண்டும். என்னிடம் பந்து வர வேண்டும். நான் தப்பு செய்ய வேண்டும். நாலு பேர் என்னைத் திட்ட வேண்டும்.

மாத முடிவில் வீரர் பதிவு மூடிவிடும். அதற்குள் எங்கள் கிளப் என்னை விடுவித்துக் கடிதம் கொடுத்தால்தான் போக முடியும். வளர்ச்சி இயக்குநரைப் போய்ப் பார்த்தேன். அவர் அறையில் நிறையத் தொட்டிச் செடிகள். எல்லாம் பிளாஸ்டிக்.

"போகணுமா? எதுக்கு?"

"ஆடறதுக்கு சார்."

அவர் முகம் வாடிவிட்டது. "உக்காருங்க. யாராவது ஏதாவது சொன்னாங்களா? சாப்பாடு சரியில்லையா?"

"அதெல்லாம் இல்ல சார். ஆடணும்."

"ஆடிட்டா?"

"என்ன சார்?"

"ஆடிட்டா அப்புறம் உங்ககிட்ட என்ன இருக்கும்? இப்ப நீங்க எப்படி ஆடுவீங்கன்னு யாருக்கும் தெரியாது. எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை இருக்கு. ஒரு மேட்ச் இறங்கினீங்கன்னா தெரிஞ்சுடும். இத்தனை வருஷம் நாங்க கட்டிக் காத்த நம்பிக்கையை ஒரு மதியத்துல அழிச்சுடுவீங்க." உண்மையாகவே வருத்தப்பட்டார். "அதுவும் போகட்டும். நீங்க போனா நெட்டையும் போகணும். அவரைப் பத்தி நெனச்சீங்களா? அயல்நாட்டிலேருந்து நம்மளை நம்பி வந்தவர்."

நெட்டையைப் பார்க்க உடைமாற்றும் அறைக்குப் போனேன். முட்டியில் ஐஸ் கட்டிப் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முட்டி போய் இரண்டு வருடமாகிறது. அவருக்குத் தமிழில் சில வார்த்தைகள்தான் தெரியும். எல்லாம் இயக்குநர்களிடம் கற்றவை.

"நான் போறேன்," என்றேன். "வேற கிளப். உங்களுக்குக் கஷ்டமா?"

அவர் ஐஸ் பையைக் கீழே வைத்தார். "நீ போ?"

"ஆமா."

"நீ போ, நான் போ?" கையால் விமானம் பறப்பது போலக் காட்டினார். "வீடு?"

பிறகு அலமாரியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினார். தன்னை ஊருக்கு அனுப்பும்படி அவர் முன்பே கேட்டிருந்தார். கிளப் பதில் எழுதியிருந்தது. தங்களுடைய இணை மொட்டு இன்னும் முழுமையாக வளராத நிலையில் தங்களை விடுவிக்க இயலாது. அவர் போக நான் வளர வேண்டும். நான் வளர அவர்கள் விட வேண்டும். அவர்கள் விட அவர் போக வேண்டும். நாங்கள் இரண்டு பேரும் பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். ஐஸ் உருகித் தரையில் ஓடியது.

"நாளைக்கு" என்றார் நெட்டை. அவருக்கு நன்றாக வரும் வார்த்தை அதுதான்.

நான் விண்ணப்பம் கொடுத்த வாரமே எனக்கு விருது கொடுத்தார்கள். வாழ்நாள் வளர்ச்சி விருது. கேடயத்தில் ஓர் ஆள் ஓடிக்கொண்டிருந்தான். அடியில் திருகாணி போட்டு முடுக்கியிருந்தார்கள். அடுத்த வாரம் நெட்டையைப் பெட்டி படுக்கையோடு என் வீட்டில் கொண்டுவந்து இறக்கினார்கள். இணைகளுக்குள் புரிதலை ஆழப்படுத்தும் ஏற்பாடாம். அவர் கால்கள் கட்டிலுக்கு வெளியே நீண்டு வாசற்கதவைத் தொட்டன. அவர் எழுந்தால்தான் கதவைத் திறக்க முடியும். இதை யாரும் திட்டம் போட்டுச் செய்ததாக நான் நினைக்கவில்லை. எங்கள் கிளப்பில் அவ்வளவு திட்டம் கிடையாது.

கடைசியில் கிளப்பின் சமநிலைக் குழு என்னைக் கூப்பிட்டது.

குழு அறையில் நீண்ட மேசை. ஒரு பக்கம் வெளிநாட்டுத் தரப்பு, மறுபக்கம் உள்ளூர்த் தரப்பு. இரண்டு பக்கமும் சம எண்ணிக்கை இருக்க வேண்டும். நான் எழுந்தால் நெட்டை எழ வேண்டும். நெட்டை தும்மியபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மேசையின் தலைப்பக்கத்தில் கிளப் தலைவர். டைல்ஸ் கம்பெனி வைத்திருப்பவர். அவருக்கு வலது கைப்பக்கம் வளர்ச்சி இயக்குநர். இடது கைப்பக்கம் மொழிபெயர்ப்பாளர். சுவரோரமாகத் தனி நாற்காலியில் மாமா. அவரை எதற்குக் கூப்பிட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது போலிருந்தது. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

தலைவர் ஆரம்பித்தார்.

"முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். யாரையும் பிடிச்சு வெச்சுக்கற பழக்கம் நம்ம கிளப்புக்கு இல்ல. இதுவரைக்கும் யாரும் போனதில்லை, அது வேற விஷயம். உள்ளூர்த் திறமை ஒரு தட்டு, வெளிநாட்டுத் திறமை ஒரு தட்டு. முள்ளு நடுவுல நிக்கணும். முள்ளு நடுவுல நிக்கணும்னா ரெண்டு தட்டும் ஆடக் கூடாது. நாங்க யாரையும் ஆட விடாததுக்கு இதுதான் காரணம். வெளிநாட்டுக்காரங்க ஆடறாங்களேன்னு கேப்பீங்க. அவங்க ஆட்டத்தைப் பார்த்தவங்க அப்படிக் கேக்க மாட்டாங்க."

வளர்ச்சி இயக்குநர் குறிப்பெடுத்துக்கொண்டார்.

"இவரை விடறதுக்கு வழி இருக்கு," என்றார் தலைவர். "குடும்ப விருப்பம். வீரரோட குடும்பம் அவர் போகணும்னு விரும்பினா, நாங்க தடுக்கக் கூடாது. சம்மேளன விதி. ஆனா இவர் குடும்பத்தோட விருப்பம் என்ன? ஊருக்கே தெரியும். சுவத்துல இருக்கு. அதுவும் வெளிச்சம் போட்டு." என்னைப் பார்த்தார். "தம்பி, செத்துப் போன பொண்டாட்டி வாக்கை மீறினவன்னு நாளைக்கு உங்களை நாலு பேர் பேசக் கூடாது. உங்க நல்லதுக்காகத்தான் உங்களை வெச்சிருக்கோம்."

"அந்த வார்த்தை..." என்று ஆரம்பித்தேன். மாமா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிறுத்திவிட்டேன். நான் எழுந்து நின்றிருந்ததால் நெட்டையும் நின்றிருந்தார். இரண்டு பேரும் உட்கார்ந்தோம்.

"பாருங்க, அவருக்கே சொல்ல வரல," என்றார் தலைவர். "அப்பா இருக்காங்க. அவங்க வாயாலயே கேட்டுடுவோம். ஐயா, உங்க பொண்ணோட கடைசி வார்த்தை. உங்க மருமகன் அதுக்குக் கட்டுப்பட்டு இங்கேயே இருக்கணும்னுதானே நீங்க நெனக்கிறீங்க?"

மாமா எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அது என் பொண்ணு சொன்னது இல்லீங்க" என்றார்.

ஏசி ஓடும் சத்தம் கேட்டது.

"என்னய்யா சொல்றீங்க?"

"என்னவரேன்னு போட்டிருக்கு. அவ இவரை வாடா போடான்னுதான் கூப்பிடுவா. கல்யாணம் ஆகியும் என்னடி இதுன்னு நான் எத்தனையோ தடவை திட்டியிருக்கேன். மலர்வீராகன்னு சொல்ற பொண்ணை நான் பெத்துக்கல. இதை முதல் நாளே படிச்சேன். அன்னைக்கே தெரியும்."

"அப்ப எதுக்கு வாரா வாரம் வந்து நிக்கிறீங்க?"

"மூஞ்சி சரியா வரைஞ்சிருக்காங்க," என்றார் மாமா. "இவ்வளவு பெருசா வேற எங்க போய்ப் பார்ப்பேன். எழுத்து இருக்கற பக்கம் நான் பார்க்கறதே இல்ல."

பிறகு என் பக்கம் திரும்பினார். "மாப்ள. உங்களைக் கேக்கணும் கேக்கணும்னு இருந்தேன். நீங்க இருக்கற இருப்பைப் பார்த்துட்டுக் கேக்கல. அவ என்னதான் சொன்னா?"

"இங்கேயா மாமா?"

"இங்கதானே கேக்கறாங்க."

சொன்னேன்.

மொழிபெயர்ப்பாளர் மேசையில் இல்லாத தூசியைத் துடைத்தார். தலைவர்தான் முதலில் தொண்டையைச் செருமினார்.

"இதுல கிளப் வருதா?"

"வருது சார்," என்றார் வளர்ச்சி இயக்குநர். "ஆனா நல்லதா வரல."

"கொஞ்சம் திருத்தி, ரெண்டு நல்ல வார்த்தை சேர்த்தா?"

எல்லோரும் மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார்கள். அவர் தலையை ஆட்டினார். "இதை மொழிபெயர்க்க முடியாது சார்" என்றார். அவரைப் பார்த்துப் பழகிய இத்தனை வருடத்தில் அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

தலைவர் கொஞ்ச நேரம் யோசித்தார். இது வெளியே போனால் என்ன ஆகும் என்று யோசித்திருப்பார். கடைசியில், "விட்டுடுங்க," என்றார். "ஆனா தம்பி, நீங்க இதை எந்தப் பத்திரிகைக்காரன்கிட்டயும் சொல்லக் கூடாது."

வளர்ச்சி இயக்குநர் பதறிப்போனார். "சார், இவர் அந்தக் கதவைத் தாண்டின நிமிஷம் ஒரு மொட்டு குறையும். விதி மீறல் ஆயிடும். இவர் எழுந்திரிக்கறதுக்குள்ள இன்னொரு ஆள் வேணும்."

அறையைச் சுற்றிப் பார்த்தார்கள். மாமா மேல் ஒரு கணம் பார்வை நின்றது. பிறகு மொழிபெயர்ப்பாளரிடம் வந்து நின்றது.

"உங்களுக்கு என்ன வயசு?"

"நாப்பத்தாறு சார். எனக்குக் கால்பந்து ஆட வராதே."

"யாரு உங்களை ஆடச் சொன்னா?" என்றார் தலைவர்.

அங்கேயே கையெழுத்து வாங்கினார்கள். உதவியாளர் உள்ளே வந்து, அவரைச் சுவரில் சாய்த்து நிறுத்தி உயரம் குறித்துக்கொண்டார். நெட்டைக்கு இனி அவர்தான் இணை. இதை நெட்டைக்குச் சொல்ல வேண்டிய பொறுப்பும் அவருடையதே. சொன்னார். அந்த மொழி எனக்குத் தெரியாது. மெதுவாகச் சொன்னார், அது மட்டும் தெரிந்தது. நெட்டை அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் எழுந்தேன். இந்தத் தடவை அவர் எழவில்லை. எழ வேண்டிய அவசியம் முடிந்துவிட்டது. பக்கத்தில் போய் அவர் கையைப் பிடித்தேன். "நாளைக்கு" என்றேன். அவர் சிரித்தார். அந்த வார்த்தைக்கு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

விடுவிப்புக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மாமாவோடு வெளியே வந்தேன். சுவரைத் தாண்டிப் போகும்போது அவர் நிற்கவில்லை. பஸ் நிறுத்தத்தில் பெஞ்சில் ஒரு பெண்மணி காய்கறிப் பையோடு உட்கார்ந்திருந்தார். நாங்கள் நின்றோம்.

"மாப்ள, அந்தத் துறைமுகத்துப் பக்கம் எப்ப மேட்ச்?"

"வர ஞாயித்துக்கிழமை மாமா."

"வரேன்." கொஞ்ச நேரம் பஸ் வரும் திசையைப் பார்த்தார். "உள்ள எனக்குச் சரியா காதுல விழல. ஏசி சத்தம். இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னேன்.

"இப்படி இல்ல. நீங்க கோர்ட்டுல சாட்சி சொல்ற மாதிரி சொல்றீங்க. அவ எப்படிச் சொன்னாளோ அப்படிச் சொல்லுங்க."

அவள் வாசலில் நின்றிருந்தாள். இரண்டு கையாலும் கொண்டையைப் பிடித்துக்கொண்டு, ஹேர்பின்னைப் பல்லில் கடித்தபடி சொன்னாள். நான் ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன். சரி சரி என்று நிமிர்ந்து பார்க்காமல் சொன்னேன். அன்று எப்படிக் காதில் விழுந்ததோ அப்படியே அவரிடம் சொன்னேன்.

"டேய், குழாய் ஒழுகுது, வாஷர் வாங்கிட்டு வா. எப்படியும் உன்னை இறக்கப் போறதில்ல, ஓடும்போது அதையே நெனச்சுக்கிட்டு ஓடு. அரை இன்ச்சுடா. போன தடவை மாதிரி முக்கால் வாங்கிட்டு வந்து நிக்காதே."